பந்தில் இருந்த கையெழுத்து

2014ஆம் ஆண்டின் தொடக்கம். குளிர் இன்னும் விடவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம், பாரிஸின் லா சப்பலில் உள்ள ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் இது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள், இரவுக் கூட்டம் இன்னும் வரவில்லை. உள்ளே நான்கு பேர்தான் இருந்தோம்: கடை முதலாளி, அவருடைய தம்பி, அவர்களின் அம்மா, பிறகு நான். எங்களுக்கு நடுவில் மேசையில் ஒரு வெள்ளைப் பந்து. பேஸ்போல் பந்து.

அதற்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் செய்து பாரிஸுக்கு வருவதற்கு முன் நான் ரொறன்ரோவில் இருந்தேன். விளையாட்டு வீரர்கள் கையெழுத்துப் போட்ட பந்து, மட்டை, தொப்பி போன்றவற்றை வாங்கி விற்கும் கடை ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். பேஸ்போலின் விதிகள் இன்றைக்கும் எனக்கு முழுதாக விளங்காது. ஆனால் கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. விற்க வருகிறவர்களில் பலர் போலியோடுதான் வருவார்கள். சிலருக்கு அது போலி என்று தெரியும். சிலர் பாவம், தெரியாமல் வருவார்கள்.

போலியைப் பிடிப்பது நினைக்கிற அளவு கஷ்டமில்லை. விளையாட்டு வீரர்கள் நின்று நிதானித்துக் கையெழுத்துப் போடுவதில்லை. நடந்துகொண்டே, பக்கத்தில் யாரோடோ கதைத்துக்கொண்டே போடுவார்கள். பேனை ஓடும். தொடங்குகிற இடம் அழுத்தமாக இருக்கும், முடிகிற இடம் மெலிந்து காற்றில் போய்விடும். போலி எழுதுகிறவன் அப்படி ஓட மாட்டான். ஒவ்வொரு வளைவாகப் பார்த்துப் பார்த்து மெதுவாகப் போவான். அதனால் கோடு முழுக்க ஒரே தடிப்பாக இருக்கும், இடையிடையே நடுக்கம் தெரியும்.

பாரிஸில் இந்த அறிவுக்கு வேலையே இல்லை. நான் ஒரு கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தேன். எப்போதோ ஒரு நாள் அந்தக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பழைய வேலையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். முதலாளி அதை மறக்கவில்லை.

அவர் சொன்ன கதை இது. அவர்களுடைய அப்பா வயதான காலத்தில் சில வருடங்கள் ரொறன்ரோவில் மகளோடு இருந்திருக்கிறார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு கோப்பிக் கடையில் மேசை துடைக்கப் போனார். அங்கே காலையில் ஒரு பெடியன் வந்து கோப்பி குடிப்பானாம். இவர் அவனுக்கு எப்போதும் ஜன்னலோர மேசையைத் துடைத்து வைப்பாராம். ஒரு நாள் அவன் ஒரு பந்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் அப்போது புதிதாக வந்த விளையாட்டுக்காரன். பிறகு அவன் பெரிய ஆளாகிவிட்டான். பேஸ்போல் பார்க்கிற யாரைக் கேட்டாலும் அவன் பெயர் தெரியும். இங்கே அந்தப் பெயரை நான் எழுதவில்லை.

அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு பெடியன் மரியாதையாகத் தந்த பொருள் என்று வைத்திருந்தார். 2009இல் மகன்களோடு இருக்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு பிரான்ஸுக்கு வந்தபோது அதையும் கொண்டுவந்தார். பாரிஸுக்கு வெளியே, லா கூர்னெவ்வில் இளைய மகன் வீட்டில்தான் பெற்றோர் இருவரும் இருந்தார்கள். அப்பா இறந்த பிறகும் அம்மாவும் பந்தும் அங்கேதான்.

அந்த வீரனின் சாமான்களுக்கு இப்போது நல்ல விலை என்று யாரோ சொல்ல, மூத்தவரான முதலாளி தம்பியிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு ஏலம் விடும் இடம் ஒன்றுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த மதிப்பீட்டாளர், இங்கே நாங்கள் எக்ஸ்பேர் என்று சொல்கிற ஆள், பந்தைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையெழுத்து உண்மையானதில்லையாம்.

அன்றைக்கே மூத்தவர் தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, நல்ல பந்தை விற்றுவிட்டு அதற்குப் பதிலாக வேறு பந்தைத் தந்திருக்கிறாய் என்று சத்தம் போட்டிருக்கிறார். கள்ளன் என்ற சொல்லும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. இடையில் அம்மா.

"நீர் ஒருக்கால் பாரும் தம்பி," என்றார் மூத்தவர் என்னிடம். "வெளி ஆள் ஒருத்தர் சொன்னால்தான் சரி. நீர் போலி எண்டால் போலி. அதோடை இந்தக் கதை முடிஞ்சுது."

எனக்கு அது ஒரு சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. சொல்லப்போனால், பழைய வேலையை ஒரு தடவை செய்து பார்க்கக் கிடைத்ததில் உள்ளூர சந்தோஷம். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன்.

தம்பிக்காரர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். அம்மா குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தார். நான் பந்தைக் கையில் எடுக்கும்போது அவர் மெல்லக் கேட்டார்:

"தம்பி, கள்ளக் கையெழுத்து எண்டு தெரிஞ்சால் பொலிஸுக்கு அறிவிப்பினமோ?"

"இல்லையம்மா. வாங்க மாட்டினம், அவ்வளவுதான்," என்றேன். இளைய மகனை நினைத்துப் பயப்படுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

பந்தைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தேன். கண்ணாடி தேவைப்படவில்லை. கடும் நீல மை. கோடு முழுக்க ஒரே தடிப்பு. ஒவ்வொரு வளைவிலும் நடுக்கம். கடைசி எழுத்தின் வால் காற்றில் போகாமல் ஒரு புள்ளியில் வந்து நின்றது. ரொறன்ரோக் கடையில் இப்படி எத்தனையோ பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மூத்தவர் தன் தொலைபேசியை நீட்டினார். அப்பா பாரிஸ் வந்த புதிதில் எடுத்த படம். சோபாவில் இருந்து பந்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். படத்தைப் பெரிதாக்கினால் கையெழுத்து தெரிகிறது. மெல்லிய கோடு, ஓடிய கோடு.

"இதுவும் அதுவும் ஒண்டோ? நீரே சொல்லும்."

இரண்டும் ஒன்றாக இல்லை. 'போலிதான் அண்ணை' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்போது தம்பிக்காரர் முதல்முறையாக வாய் திறந்தார்.

"கொஞ்சம் வடிவாப் பாருங்கோ."

கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். கொண்டுவந்த கண்ணாடியைப் பாவிக்காமல் பதில் சொல்வது எனக்கே சரியாகப் படவில்லை. பந்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

முதலில் கண்ணில் பட்டது கறை. சிவப்புத் தையலுக்குப் பக்கத்தில், கோப்பிச் சொட்டு விழுந்து காய்ந்தது மாதிரி ஒரு சின்னக் கபில நிறக் கறை. தொலைபேசியைத் திரும்ப வாங்கிப் படத்தைப் பார்த்தேன். அதே இடத்தில் அதே கறை. அப்படியானால் பந்து மாறவில்லை.

பிறகு கண்ணாடியை வைத்துக் கோட்டைத் தொடர்ந்து போனேன். இரண்டாவது எழுத்தின் வளைவில் கடும் நீலக் கோடு கொஞ்சம் விலகியிருந்தது. விலகிய இடத்தில், அதற்குப் பக்கத்தில், தோலில் ஒரு மெல்லிய பள்ளம். குமிழ்ப் பேனை அழுத்தி ஓடிய தடம். அந்தத் தடத்துக்குள் மை ஏறக்குறைய முழுதும் வெளிறி, வைக்கோல் நிறத்தில் கிடந்தது. கடைசி எழுத்திலும் அப்படித்தான். மேலே உள்ள கோடு புள்ளியாக நின்றுவிட, பழைய தடம் அதைத் தாண்டி மெலிந்து மெலிந்து போய் மறைந்தது.

கண்ணாடியைப் பைக்குள் வைத்தேன். பிறகு மேசைக்குத் திரும்பி வந்து சொன்னேன்.

"அண்ணை, இது அதே பந்து. உங்கடை அப்பாவுக்குக் குடுத்த பந்து. கையெழுத்தும் அந்தப் பெடியன் போட்டதுதான். ஆனால் அது வெயிலிலை மங்கிப் போயிருக்குது. மங்கின பிறகு அதுக்கு மேலாலை ஆரோ திரும்ப எழுதியிருக்கினம். எக்ஸ்பேருக்குத் தெரிஞ்சது மேலை இருக்கிற எழுத்து."

மூத்தவர் பந்தைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.

"அப்ப அந்த வேலையைச் செய்தது நீயோ?"

தம்பிக்காரர் தலையைக் குனிந்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அவனில்லை," என்றார் அம்மா. "நான்தான் எழுதினனான்."

அவர் தொடர்ந்து சொன்னார். அப்பா பந்தை ஜன்னலோரக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தாராம். வருடம் போகப் போக எழுத்து அழிந்துகொண்டே வந்தது. கடைசிக் காலத்தில் அப்பாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது. பந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். "பேர் அழிஞ்சு போச்சுதோ, இல்லாட்டி எனக்குத்தான் தெரியேல்லையோ?" என்று கேட்பாராம். ஒரு நாள் மகன் வேலைக்குப் போன பிறகு, அப்பா படுத்திருந்த நேரம், அம்மா மகனுடைய பேனையை எடுத்து எழுதியிருக்கிறார். அந்த எழுத்துகள் அவருக்கு வாசிக்கத் தெரியாது. தடம் தெரிந்த வழியில் பேனையை நடத்தியிருக்கிறார்.

"கை நடுங்கினது. ரெண்டு இடத்திலை வழுக்கிப் போச்சுது," என்றார். "பிறகு நீ கள்ளக் கையெழுத்து எண்டு சத்தம் போடேக்கை எனக்குப் பயம் வந்திட்டுது."

மூத்தவர் பந்தை எடுத்து அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு, "அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியாது. எழும்பினாப் பிறகு காட்டினன். பார்த்திட்டு, இப்ப தெரியுது எண்டார்."

மூத்தவர் தம்பி பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "உனக்கு அம்மாவைக் கேக்கத் தோன்றேல்லையோ?"

"நீங்களும் கேக்கேல்லைத்தானே," என்றார் தம்பிக்காரர்.

மூத்தவர் என் பக்கம் திரும்பினார். வேறு எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, என்னிடம் விலை என்ன வரும் என்று கேட்டார். விலை இல்லை என்று சொன்னேன். மேலே எழுதிய கையெழுத்தை அழிக்கப் போனால் அடியில் உள்ளதும் போய்விடும், வாங்குகிறவர்கள் அதைப் பழுதான சாமானாகத்தான் பார்ப்பார்கள். அவர் தலையாட்டினார். பிறகு அம்மாவிடம் போய்க் குளிர்ச்சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "இண்டைக்கு இஞ்சை என்னோடை நில்லுங்கோ," என்றார். அம்மா இளைய மகனைப் பார்த்தார். அவர் சரி என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

நானும் தம்பிக்காரரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். இருவருக்கும் கார் து நோர் றெயில் நிலையத்து வழிதான். நகைக்கடைகளையும் மரக்கறிப் பெட்டிகளையும் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தோம். பிறகு அவராகவே சொன்னார்.

"எனக்கு முந்தியே தெரியும். அண்டைக்கு வேலையாலை வரேக்கை அம்மாவின்ரை விரலிலை மை. பேனையும் மேசையிலை கிடந்தது."

நான் நின்றுவிட்டேன். "பிறகேன் சொல்லேல்லை? உங்களையெல்லோ கள்ளன் எண்டவர்."

"அண்ணைக்குக் கோவம் வந்தால் வாயிலை என்ன வரும் எண்டு தெரியாது. என்னைச் சொன்னால் நான் தாங்குவன். அம்மாவை ஒரு சொல் சொல்லிப்போட்டார் எண்டால் பிறகு அதை ஆராலும் திருப்பி எடுக்கேலாது."

"நானும் போலி எண்டு சொல்லியிருந்தால்?"

அவர் தோளைக் குலுக்கினார். "சொல்லியிருந்தால் சொல்லியிருப்பியள். பந்திலை இருக்கிறதை ஆரும் வடிவாப் பார்த்தால் தெரியும் எண்டு ஒரு நம்பிக்கை."

நிலையத்துக்குள் வந்ததும் கைகொடுத்துவிட்டு லா கூர்னெவ் போகும் றெயிலுக்கு இறங்கிப் போய்விட்டார். நான் மேலேயே கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல குளிர். இன்னும் ஒரு விநாடியில் நான் சொல்லியிருக்கக்கூடிய அந்த ஒரு சொல்லை நினைத்துப் பார்த்தேன். மேலே தெரிந்த கையெழுத்தைப் பொறுத்தவரை அந்தச் சொல் சரியாகத்தான் இருந்திருக்கும். எந்த நிபுணரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார். தம்பிக்காரர் மட்டும் மிச்சக் காலம் முழுவதும் அண்ணனுக்கு முன்னால் கள்ளனாக இருந்திருப்பார். உண்மையைச் சொல்ல வேண்டிய அம்மா அதைச் சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்திருப்பார்.

அதற்குப் பிறகு சகோதரர்கள் பெரிதாகக் கட்டிப்பிடித்து ஒன்றாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நான் சாப்பிடப் போகும்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிக்காரர் அங்கே இருப்பார். கல்லாவில் நின்று அண்ணனுக்கு உதவி செய்வார். இரண்டு பேரும் தேவைக்குத்தான் பேசுவார்கள், ஆனால் பேசுவார்கள். மூத்தவர் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பந்து திரும்ப லா கூர்னெவ்வுக்கே போய்விட்டது என்று கேள்வி.

எனக்குத் தெரிந்த வேலை பொருளைப் பார்ப்பது. மனிதர்களைப் பார்க்க எனக்கு ஒருவரும் பழக்கவில்லை. இப்போதும் இடைக்கிடை யாராவது கையெழுத்துப் போட்ட ஏதாவது ஒன்றோடு வந்து, உண்மையோ பொய்யோ, ஒரு சொல்லில் சொல்லுங்கோ என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் நான் இப்போது வாய் திறப்பதில்லை.