ஒரு வாய் ருசி

சபையில் எழுந்து சாட்சி சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் அது என் மனைவி ஜெயாதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்கிறவன். ஆனால் ஆண்டவர் எங்களுக்குச் செய்ததை முழுசாகச் சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். வீடு மாப்பிள்ளையூரணியில். ஜெயா நாசரேத்துக்காரி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவள். போன வருஷம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் புறப்பட்டுச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போயிற்று. தண்ணீரைக்கூட விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் ஒரே மகள் வெளிநாட்டிலிருந்து வந்து கொஞ்ச நாள் இருந்தாள். அழுதுகொண்டேதான் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு நானும் ஜெயாவும் மட்டும். கஞ்சியை மிக்சியில் அடித்து, வடிகட்டி, குழாயில் ஊற்றுவேன். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பேன். துணி மாற்றி, அலசிப் போட்டு நிமிர்ந்தால் மறுபடியும் கஞ்சி நேரம் வந்திருக்கும்.

“எழுப்பி நடக்க வையும் ஆண்டவரே” என்று ஆரம்பத்தில் கதறினேன். சித்திரை போயிற்று. ஆடியும் போயிற்று. கால் அசையவில்லை. ஜெபம் குறைந்துகொண்டே வந்தது. ஆண்டவர்மேல் கோபம்கூட இல்லை. அசதி. முழங்கால் போட்டால் கட்டிலில் தலை சாய்த்து அப்படியே தூங்கிவிடுவேன்.

எங்கள் சபையில் கிரேஸ் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெயாவுக்குக் குழாய் மாற்றிவிட அவர்தான் வருவார். ஒரு சாயங்காலம் அவர் கதவைத் தட்டியபோது நான் அடுப்படியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஜெயா எதிரில் எதையும் வாயில் வைக்க எனக்கு மனசு வராது. எல்லாம் அடுப்படிக்குள்தான். டம்ளரோடேயே போய்க் கதவைத் திறந்தேன்.

வேலையெல்லாம் முடித்துவிட்டு அக்கா கேட்டார்: “தம்பி, ஜெபம் பண்ணுதியளா?”

“என்னத்தக்கா பண்ண? கேட்டுக் கேட்டு ஓஞ்சு போச்சு.”

“அப்ப ஒண்ணும் கேக்காண்டாம். இன்னைக்கு நல்லா இருந்தது ஒண்ணே ஒண்ணச் சொல்லி, ஸ்தோத்திரம்னு சொல்லுங்க. அது போதும்.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “இந்த வீட்டுல என்னக்கா நல்லா இருக்கு? நீங்களே சொல்லுங்க.”

அக்கா கட்டிலைப் பார்த்துத் திரும்பினார். “ஏளா ஜெயா, நீ சொல்லு. இன்னைக்கு உனக்கு எது நல்லா இருந்துச்சு?”

ஜெயா இடது கையை மெதுவாகத் தூக்கினாள். என் கையிலிருந்த டம்ளரைக் காட்டினாள்.

கிட்டே கொண்டுபோனேன். கண்ணை மூடி அந்த வாசனையை இழுத்தாள். குழாய் போட்ட முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வந்தது. தினமும் அடுப்படியிலிருந்து வந்த வாசனைக்காக அவள் காத்துக் கிடந்திருக்கிறாள். நான் அதை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் அவள் கட்டிலருகில் உட்கார்ந்துதான் காபி குடித்தேன். ஆளுக்கொரு நன்றி சொல்வோம். நான் வாயால், அவள் கையால். அவள் ஜன்னலைக் காட்டினால் கடல்காற்று. தலையைத் தொட்டால், நான் சிக்கெடுத்துப் பின்னிவிட்ட சடை. எனக்குத்தான் பல நாள் ஒன்றும் தோன்றாது. “இன்னைக்குக் கரண்டு போகல, ஸ்தோத்திரம்” என்பேன். அதற்கும் அந்த ஒரு பக்கச் சிரிப்பு. அசதி போகவில்லை. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் நோயாளியும் நர்ஸுமாக இல்லை. புருஷன் பெண்சாதியாக இருந்தோம்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். “சளி நெஞ்சுல கட்டியிருக்கு. உடம்புல தெம்பு இல்ல. எதுவும் உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரிய ஜெபம் எதுவும் வரவில்லை. “நடக்காட்டாலும் பரவாயில்ல ஆண்டவரே. அவ ஒரு வாய் ருசிச்சுச் சாப்பிடணும். அத நான் பாக்கணும்.” இவ்வளவுதான் சொன்னேன். அழுதுவிட்டேன்.

ஆண்டவர் கேட்டார். காய்ச்சல் இறங்கியது. மூச்சு சீரானது. அந்த ஆஸ்பத்திரியிலேயே விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஜெயாவை அவளிடம் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். தை மாதத்தில் ஒருநாள், “சாதத்தை நல்லா மசிச்சுக் கொண்டு வாங்க, வாயில கொடுத்துப் பாப்போம்” என்றாள்.

பருப்புச் சாதத்தைக் கூழாகக் குழைத்துக் கொண்டுபோனேன். அந்தப் பெண் ஜெயாவை நிமிர்த்தி உட்கார வைத்து, தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு அரைக் கரண்டி ஊட்டினாள். ஜெயா வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. புரை ஏறவில்லை.

ஜெயா என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். உதடு கோணிக்கோணி எதையோ தேடியது.

“உப்... உப்பு.”

“என்னம்மா?” என்று அந்தப் பெண் குனிந்தாள்.

“உப்பு... இல்ல.”

பத்து மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. குழாயில் ஊற்றும் கஞ்சியை யார் ருசி பார்க்கிறார்கள்? உப்புப் போடுவதே எனக்கு மறந்து போயிருந்தது. உப்பு விளைகிற ஊரில் இருந்துகொண்டு உப்பில்லாத சோறு கொண்டுபோயிருக்கிறேன். நானும் அந்தப் பெண்ணும் சிரித்தோம். பிறகு என்னால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை, அழுகையையும் நிறுத்த முடியவில்லை.

இப்போது குழாய் இல்லை. ஜெயா இன்னும் நடக்கவில்லை. என் முதுகுவலியும் அப்படியே இருக்கிறது. நான் களைத்த மனுஷன்தான். இதை மறைக்க விரும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் படுக்கையில் யாராவது இருக்கலாம். உங்களுக்கும் ஜெபிக்கத் தெம்பில்லாமல் இருக்கலாம். பெரிய வார்த்தைகளைத் தேடாதீர்கள். இன்றைக்கு நன்றாக இருந்த ஒன்றை மட்டும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். மற்றதை அவரிடம் விடுங்கள். அவர் கைவிடமாட்டார். எங்களைக் கைவிடவில்லை.

நேற்று மத்தியானம் முள் எடுத்து மசித்த மீனைப் பிசைந்து ஊட்டினேன். தட்டை எடுக்கப் போனபோது ஜெயா என் கையைப் பிடித்து, “இன்னும்” என்றாள். இந்த ஒரு சொல்லைக் கேட்க வைத்த என் தேவனுக்கு ஸ்தோத்திரம்.