பெற்றவளுக்குக் கார்டு இல்லை

முனிலட்சுமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடும். அவள் மேல் இல்லை. அவள் மேல் கோபப்பட யாருக்கு மனசு வரும்? குழாயில் ஒரு குடம் தண்ணீர் கூடப் பிடித்தால்கூட, "அக்கா, கோச்சுக்காதீங்க" என்று வந்து நிற்கிறவள்.

நான் ராஜாத்தி. ஓசூருக்கு வெளியே, கம்பெனிகளை ஒட்டி, எங்களுக்கு லைன் வீடுகள் இருக்கின்றன. அதில் கடைசி வீட்டில்தான் முனிலட்சுமியும் அவள் புருஷன் வெங்கடப்பனும் குடியிருந்தார்கள். அவளுக்குக் கல்லாவிப் பக்கம். அப்பனும் ஆத்தாளும் ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் பிளஸ் டூ முடித்த முதல் ஆள் இவள்தான். வண்டிகளுக்கு ஒயர் கோர்க்கிற கம்பெனியில் சேர்ந்து, நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்தாள். அவன் இரும்பு உருக்கி வார்க்கிற கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஒருத்தர் வர, ஒருத்தர் போக, வாசலில் பார்த்துக்கொள்வதுதான் குடித்தனம்.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்தால் முனிலட்சுமி வாசற்படிக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுப்பாள். மகள் சௌமியா பள்ளிக்கூடம் கிளம்பும்போது தன்னைத் தாண்டித்தானே போகவேண்டும், அப்போது விழிப்பு வந்து முகத்தைப் பார்த்துவிடலாம் என்று கணக்கு. அவ்வளவு ஆசை அந்தப் பெண் மேல். இங்கிலீஷ் மீடியத்தில்தான் படிக்கவேண்டும் என்று பைபாஸ் ஓரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம். ஒரு பிள்ளைக்கு ஒரு கார்டு, கார்டில் ஒரு போட்டோ. பள்ளி நேரத்தில் பிள்ளையை வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் போட்டோவில் இருக்கிற ஆள் கார்டோடு நேரில் வரவேண்டும். பிள்ளை பிடிக்கிறவன் வந்துவிடக் கூடாது என்பதற்காகவாம். சரி, நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கார்டு போடுகிற அன்றைக்கு ஆபீஸில் கேட்டது என்ன தெரியுமா? பகலில் எப்போதும் வீட்டில் இருக்கிறவர் யார் என்று. ஷிஃப்ட்டுக்குப் போகிற குடும்பத்தில் அப்படி யார் இருப்பார்கள்? எங்கள் லைனில் பகலில் வீட்டில் இருக்கிற ஒரே ஜென்மம் நான்தான். எல்லாத் தாய்மாரும் என் போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நாலு பிள்ளைகளுக்கு நான் கார்டு! ரேஷன் கார்டில்கூட நம் வீட்டில் இத்தனை தலை இல்லையே என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்கு நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்காக நான் ஜவளகிரியில் இருந்தேன். இங்கே காலை ஷிஃப்ட்டில் வெங்கடப்பனுக்கு நெஞ்சுவலி. உலை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான். கம்பெனி வண்டியில் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இங்கே முடியாது, உடனே பெங்களூருக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். முனிலட்சுமியின் கம்பெனிக்குத் தகவல் போனது. அங்கே போனை எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், உள்ளே ஈ நுழைய முடியாது. அந்தக் கம்பெனியே விஷயம் கேட்டதும் ஆள் மாற்றிவிட்டு அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. இரக்கம் இல்லாதவர்கள் என்று நான் கரித்துக்கொட்டுகிற கம்பெனி அது!

வெங்கடப்பனுக்கு நினைவு இருந்தது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாப்பாவ கூட்டிக்கினு வா முனி. பாத்துட்டுப் போறேன்."

பள்ளிக்கூடம் பெங்களூர் போகிற வழியில்தான் இருக்கிறது. ஆம்புலன்ஸை அந்தக் கேட்டிலேயே நிறுத்தினார்கள். முனிலட்சுமி கம்பெனிக் கோட்டு, தலையில் மாட்டின தொப்பியோடு இறங்கி ஓடினாள். வாட்ச்மேன் கரியப்பன் அவளைப் பார்த்ததும் ஆபீஸுக்குள் விட்டுவிட்டார். உள்ளே கார்டு கேட்டார்கள். கார்டு என் பர்ஸில் இருந்தது, என் பர்ஸ் ஜவளகிரியில் இருந்தது.

நான்தான் அம்மா என்றாள். கார்டில் உங்கள் போட்டோ இல்லையே என்றார்களாம். ஆதாரைக் காட்டினாள். அது செல்லாதாம். வகுப்பு டீச்சர் ஜெயப்ரியா என்று ஒரு பெண், அது ஓடிவந்து, மேடம் இவங்கதான் சௌமியாவோட அம்மா, மீட்டிங்குக்கு வருவாங்க, எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறது. பிரின்சிபால் அம்மா அதைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டது. சரி, பிள்ளையையே கூப்பிட்டு இது யார் என்று கேளுங்களேன் என்றிருக்கிறாள் முனிலட்சுமி. யூனிட் டெஸ்ட் நடக்கிறதாம், நடுவில் எழுப்பக் கூடாதாம். தமிழில் கெஞ்சினாள், தெலுங்கில் கெஞ்சினாள், காலில் விழவும் குனிந்தாள். நகர்ந்து நின்றுகொண்டார்களாம். அடப் பாவிகளா, உங்களுக்கெல்லாம் வீட்டில் அப்பன் இல்லையா?

அப்போதுதான் அந்த ஆபீஸில் நின்றபடியே முனிலட்சுமி எனக்குப் போன் போட்டாள். சாமிக்கு வைத்த தட்டைக் கீழே போட்டுவிட்டு, "அவதான் பெத்தவ, அனுப்புங்க" என்று கத்தினேன். நேரில் வரவேண்டும் என்றார்கள். வீடியோ காலில் வந்தேன். என் முகத்தைக் காட்டினேன், முகத்துக்குப் பக்கத்தில் கார்டைப் பிடித்துக் காட்டினேன். ஒரிஜினல் கார்டு வேண்டுமாம். ஜவளகிரி எங்கே, ஓசூர் எங்கே! தளி வழியாக அந்த வளைவுப் பாதையில் பறந்தா வரமுடியும்? நாத்தனார் புருஷன் தமிழரசன் பைக்கை எடுத்தார். வழியெல்லாம் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் வந்தேன்.

ஆம்புலன்ஸ் எத்தனை நேரம் நிற்கும்? இனி தாங்காதம்மா, ஏறினால் ஏறு என்று உள்ளே இருந்த ஆள் சொல்லிவிட்டார். புருஷனை விட்டு மகளுக்காக நிற்பதா, மகளை விட்டுப் புருஷனோடு போவதா? ஒரு பெண்ணைக் கேட்டில் நிறுத்தி அவள் தலையில் இதைக் கட்டலாமா? அவள் வண்டியில் ஏறினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது சாலை காலியாக இருந்தது. கார்டை நீட்டினேன். ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்கள், டெஸ்ட் எழுதுகிற பிள்ளையை எழுப்பிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். சொந்தமும் இல்லை, ரத்தமும் இல்லை, வாடகை வாங்குகிறவள் நான். எனக்கு உடனே கிடைத்தாள். பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் நான் பேசிய பேச்சை எழுத முடியாது. கரியப்பன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நாங்கள் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது முனிலட்சுமி வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். வழியிலேயே, அத்திப்பள்ளி தாண்டினதுமே வெங்கடப்பன் போய்விட்டான். அதுவரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

"வரா, பின்னாலயே வரான்னு சொன்னேன் அக்கா" என்றாள். "பொய் சொல்லித்தான் அவர அனுப்பி வெச்சேன்."

காரியம் முடிந்து சௌமியாவைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். விட்ட டெஸ்ட்டைத் திரும்ப எழுதவேண்டுமென்றால் மெடிக்கல் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். அப்பன் செத்ததற்குச் சர்டிபிகேட் இருக்கிறது என்றேன். அது மாணவியின் உடம்புக்கு இருக்கவேண்டுமாம். பிரின்சிபால் அம்மா, எல்லாம் உங்கள் குழந்தைகளின் பாதுகாப்புக்காகத்தானே என்றார். என் முகம் போட்ட நாலு கார்டையும் அந்த மேஜை மேலேயே கிழித்துப் போட்டிருப்பேன். கை போனது. ஆனால் கிழித்துவிட்டால் மற்ற மூன்று பிள்ளைகளுக்கு நாளைக்கு ஒன்று என்றால் யார் போய் நிற்பது? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பப் பர்ஸில் வைத்தேன். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

அன்று சாயங்காலம் முனிலட்சுமி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணாகத்தான் ஆரம்பித்தது.

"அம்மா, அன்னிக்கி டெஸ்ட் எழுதறப்ப ஆம்புலன்ஸ் சத்தம் நம்ம கேட்டுகிட்ட வந்து நின்னுச்சு. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ஜன்னல்ல பாக்கலாம்னு எந்திரிச்சேன். மிஸ் உக்காருன்னாங்க. உக்காந்துட்டேம்மா."

முனிலட்சுமியின் கையிலிருந்த சீப்பு நின்றது. வாழ்நாளெல்லாம் யார் என்ன சொன்னாலும் சரிங்க என்றவள், மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இனிமே யாரு உக்காரச் சொன்னாலும் உக்காராத" என்றாள். "எந்திரிச்சி வா."