பலகையின் ஏழு ராத்தல்

ஈப்போ மருத்துவமனையில் டாக்டர் சொன்னது ஒரே விஷயம்தான். அம்மாவின் எடை நாற்பத்தைந்து கிலோவைத் தொட்டால் வயிற்றில் அறுவை செய்யலாம். அதற்குக் கீழே என்றால் உடம்பு தாங்காது. அன்று அம்மா நாற்பத்தொரு கிலோ இருந்தாள். இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்.

எழுபதுகளின் கடைசி அது. நான் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாம் கிலோவுக்கும் மீட்டருக்கும் மாறியாகிவிட்டது. எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் தொங்கிய தராசு மட்டும் இன்னும் ராத்தலை விடவில்லை. அதனால் வீட்டில் எனக்கு ஒரு வேலை வந்தது. ஒரு கிலோ இரண்டு புள்ளி இரண்டு ராத்தல். நாற்பத்தைந்து கிலோ என்றால் தொண்ணூற்றொன்பது ராத்தல். கதவில் சாக்கட்டியால் 99 என்று எழுதினேன். அப்பா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டார், சாமி படத்தைப் பார்ப்பது மாதிரி.

ஞாயிறுதோறும் அம்மாவை ஸ்டோருக்கு மெல்ல நடத்திக் கூட்டிப் போவோம். ஒட்டுப்பால் மூட்டையை மாட்டும் கொக்கியில் அப்பா ஒரு பலகையைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, அதில் அவளை உட்கார வைப்பார். முள்ளைப் பார்ப்பது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. எங்கள் தோட்டத்தில் வழக்கம் அப்படி. கிராணி கழிவு போக மிச்சத்தைச் சத்தமாகச் சொல்வார், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அம்மா மரம் சீவிக் கொண்டுபோகும் பாலில் வாளிக்குக் கழிவு, தண்ணீர் என்று கழிவு, மழை பெய்தால் அதற்கும் ஒரு கழிவு. கழிப்பதில் அவர் படு கெட்டி. பலகையையும் கயிற்றையும் தனியாக நிறுத்து, ஏழு ராத்தல் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்.

அந்த வாரம் தொண்ணூறு என்றார். பிறகு தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து. அப்பா முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் விடாமல் கொடுத்தார். அம்மா பாதியை வாந்தி எடுத்தாள். எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசி ஞாயிறு, "தொண்ணூத்தொம்போதுலா" என்றார் கிராணி. அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் வகுத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து. அம்மாவின் வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்ததும் என் கண்ணில் பட்டது.

ஈப்போவில் நர்ஸ் மிஸ்ஸி எடை பார்த்தார். நாற்பத்திரண்டுகூட இல்லை. இறக்கி மறுபடி ஏற்றினார். அதேதான். டாக்டர் இன்னொரு தேதி கொடுத்தார்.

பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை; மரத்துப்போயிருந்தேன். மண்டை மட்டும் தானாகக் கணக்குப் போட்டது. நாற்பத்திரண்டை ராத்தலாக்கினால் தொண்ணூற்றிரண்டு. குறைவது ஏழு.

அன்று சாயங்காலம் கிராணியே வீட்டுக்கு வந்தார். "தராசு பிசகுங்களா ஐயா?" என்று கேட்டார் அப்பா.

"தராசுல ஒண்ணும் இல்ல. பலகைக்குக் கழிக்கல நான். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டேன். அக்கா மொகத்தப் பாத்தா மனசு வரலலா."

சொல்லிவிட்டுக் கிராணி போனார். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதவில் இருந்த எண்ணை ஈரத்துணியால் துடைத்தேன்.

டாக்டர் கொடுத்த தேதி வரைக்கும் அம்மா இருக்கவில்லை. அந்த வருடப் பரீட்சையில் ஒரு கேள்வி: ஒன்றுமே வைக்காதபோது தராசு முள் காட்டும் அளவைக் கழித்துச் சரியான எடையைச் சொல். கழித்தேன். சரியாகத்தான் கழித்தேன்.

கிராணி வந்துபோன அந்தச் சாயங்காலம் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"இருவது வருசமா எம் பால்ல கழிச்சாரு. இப்பதான் மனசு வரலையாம் அவருக்கு."