பச்சை இல்லாத பாசி

எழுபதுகளின் கடைசியில், போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் முழங்கையை முள் கிழித்தது. பள்ளத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். சில வாரத்தில் அந்த இடம் சிவந்து தடித்துப் புண்ணானது.

அப்போதே டாக்டரிடம் போயிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஏலச்செடி அழுகினால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்போம், அழுகல் நின்றுவிடும். செடிக்குக் கேட்கிற மருந்து கைக்குக் கேட்காதா என்று அதையே எடுத்துப் பூசினேன். உயிர் போய் உயிர் வந்தது. புண் இன்னும் அகன்றது.

வேலைக்குப் போகும் ஜீப்பில் என்னை விட்டுத் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். குஷ்டம், பெருவியாதி என்று பேச்சு. டாக்டர் சீட்டு இல்லாமல் வேலைக்கு வரவேண்டாம் என்றார் சூப்பர்வைசர். ராசிங்காபுரத்தில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தவள் நான். வேலையும் போய், வீட்டிலும் வைத்துக்கொள்ளாவிட்டால் எங்கே போவேன் என்று பயந்து செத்தேன்.

"நீ என்ன ஏலச்செடியா?" என்று திட்டிய போடி ஆஸ்பத்திரி டாக்டர், புண்ணில் துளி வெட்டி மதுரைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை தினமும் கட்டு மாற்றச் சொன்னார். ஒற்றைக் கையால் எப்படிக் கட்டுவது? அண்ணன் மனைவிதான் கட்டிவிட்டாள். எனக்கும் மதினிக்கும் ஏழாம் பொருத்தம்.

"கைய ஆட்டாம வையி. எனக்கு வேற சோலி இல்லையா?" என்று கடுகடுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டுவிட்டார். பெருவியாதி இல்லை, காளானும் இல்லை, பச்சை நிறமே இல்லாத ஒரு நுண்பாசி என்றார். அழுக்குத் தண்ணீரில் இருக்குமாம், மாட்டு மடியில்கூட வருமாம், மனிதருக்கு வருவது அபூர்வமாம். மதுரையில் அறுத்தெடுத்தால் ஆறிவிடும் என்றார். அங்கே பூதக்கண்ணாடிக்கு அடியில் அதைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. அவர் நன்றாக இருக்கவேண்டும்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். "மதினி, பெருவியாதி இல்லையாம்! யாருக்கும் ஒட்டாதாம்!"

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒட்டாதா?" என்றாள். "ஒட்டிக்கிரும்னு நெனச்சுக்கிட்டுல்ல இத்தன நாளும் கட்டுனேன்."