கூப்பிடாத மருமகள்

என் மருமகள் ஸ்வீடன் நாட்டுப் பெண். அவள் வந்த ஒன்பதாம் நாள் குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். பூசாரி சாமியைப் பெயர் சொல்லி அழைத்துப் பால் ஊற்றினார். பதினொரு குடம் என்று எண்ணினேன்.

“உங்கூர்ல சாமிய என்னன்னு சொல்லுவீங்க அம்மணி?” என்று அவளிடம் கேட்டாள் என் தங்கை.

“கூட்” என்றாள்.

முப்பத்தொரு ஆண்டு ஆங்கிலம் நடத்தியவன் நான். “இங்கிலீஷ் ‘குட்’தானுங்க அது. நல்லவருன்னு அர்த்தம்” என்று இருபத்து மூன்று உறவினருக்கும் விளக்கினேன். மருமகள் இரண்டு முறை ஏதோ சொல்ல வந்தாள். இரண்டு முறையும் கையமர்த்தினேன்.

திரும்பும்போது சிங்காநல்லூர் சிக்னலில் கார் நின்றது.

“ஏனுங்க மாமா, நல்லதுக்கு எங்க மொழியில வேற சொல்லுங்க” என்றாள், மகனிடம் கற்ற தமிழில். “கூட்ங்கிற சொல்லுக்கு ஆதியில, நாம கூப்பிடுறவருன்னு அர்த்தமாம். யாருக்கு ஊத்துறமோ அவருன்னும் சிலர் சொல்றாங்க.”

காலையில் பூசாரி செய்தது அந்த இரண்டையும்தான். நான் குடத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

“அங்கயே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீங்க என்னையக் கூப்பிடவே இல்லீங்களே” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது நாளும், “அவளைச் சாப்பிடச் சொல்லு” என்று மகனிடம்தான் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையைப் போனில் அழைத்து, நான் சொன்னது தப்பு என்றேன். இன்னும் இருபத்திரண்டு பேர் பாக்கி. அவர்களை அழைக்கும் முன், மருமகள் இருந்த சமையலறைப் பக்கம் திரும்பி, “அம்மணி” என்றேன்.