மேஸ்திரி சொந்தம் என்று எழுதிய சுவர்

மட்டாஞ்சேரியில் சுடலைமணி மேஸ்திரியின் கரண்டி படாத சந்து குறைவு. பத்தொன்பது வயதில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சித்தாளாக வந்தவர். முப்பத்திரண்டு வருஷத்தில் யார் யாருக்கோ மாடி எடுத்துக் கொடுத்துவிட்டார். அவருடைய வீடு மட்டும் மழைக்கு ஒழுகும். கொத்தனார்களுக்கு இது பொதுவான வியாதிதான் என்று அவரே சிரித்துக்கொள்வார். ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்கும் மனைவி பாண்டிச்செல்விக்குத்தான் சிரிப்பு வராது.

அது ஒட்டு வீடு. பக்கத்து வீட்டில் யூசுப் இருந்தார், பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், சிவந்த வெட்டுக்கல்லில் சுண்ணாம்புச் சாந்து வைத்து யாரோ எப்போதோ கட்டியது. இரண்டு பக்கத்து ஓட்டுக் கூரையும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தன. ஒரு கூரை இந்தப் பக்கம் தள்ளும், இன்னொன்று அந்தப் பக்கம் தள்ளும், நடுவில் சுவர் தேமே என்று நிற்கும். இப்படிப்பட்ட வீடுகளை ஒற்றையாகப் பிரிக்கக் கூடாது, இரண்டு கூரையும் ஒரே நாளில் இறங்க வேண்டும் என்பது மேஸ்திரி எல்லோருக்கும் ஓதுகிற பாடம். கேட்காதவர்களிடம் வேலையே வேண்டாம் என்று இரண்டு தடவை எழுந்து வந்திருக்கிறார். அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வார்.

அதனால் இருவரும் சேர்ந்தே இடித்துச் சேர்ந்தே கட்டுவது என்று நாலு வருஷமாகச் சாயா குடித்துக்குடித்துப் பேசி வைத்திருந்தார்கள். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து கட்டட அனுமதிக் கட்டணம் ஏறுகிறது, அதுவும் பல மடங்கு. எர்ணாகுளத்தில் பத்து மாடி கட்டுகிறவர்கள் நாலு நாள் புலம்பிவிட்டு, ஃபிளாட் வாங்குகிறவன் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். இரண்டு சென்ட் இடம் வைத்திருக்கும் மேஸ்திரிக்குக் கட்டிவிட எவன் தலை இருக்கிறது?

யூசுப்பால் ஒன்றாம் தேதிக்குள் விண்ணப்பம் போட முடியாது. ஆதாரம், அதாவது வீட்டுப் பத்திரம், இன்னும் இறந்துபோன வாப்பா பேரில் இருந்தது. அண்ணன் துபாயில், அக்கா தோப்பும்படியில்; கையெழுத்தெல்லாம் சேர மாசக்கணக்காகும். காத்திருக்கிறேன் என்றார் மேஸ்திரி. சொன்னபோது மனசாரத்தான் சொன்னார். ஆனால் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தபோது, மாடிக் கம்பிக்கென்று சேர்த்து வைத்த காசு அப்படியே போய்விடும் என்று தெரிந்தது. அன்று சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் மிச்சமிருக்கும்போது பிளான் போடுகிற தன்யாவின் அறைக்குப் போனார். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். யூசுப் பக்கத்து வடக்குச் சுவர் சொந்தமா, பொதுவா? பொது என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் அவருடைய ஆதாரமும் சேர்க்க வேண்டும்.

"சொந்தம்னே போடு மோளே."

மற்றவர்களுக்காக இதே வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். காகிதத்தில் எதையாவது எழுதுவது, சுவரைத் தொடாமல் வேலையை முடிப்பது, இதுதான் இந்தத் தொழிலில் நடப்பு. ஒன்றும் ஆனதில்லை. சின்ன வீட்டுக்கு எழுதிக் கொடுத்ததை நம்பியே அனுமதி கொடுப்பார்கள்; அன்று சாயங்காலமே வந்துவிட்டது.

யூசுப்பிடம் பாதி உண்மையைச் சொன்னார். அனுமதி வாங்கிவிட்டேன், நடுச்சுவரைத் தொட மாட்டேன், என் பக்கம் கமுகுத்தடி முட்டுக் கொடுத்து நிறுத்திவிடுகிறேன் என்றார். நீங்கள் சொன்னால் மதி, அது போதும் மேஸ்திரி என்று யூசுப் ஒத்துக்கொண்டார். நாலு வருஷச் சாயாவின் நம்பிக்கை அது. பாண்டிச்செல்வி பாத்திரம் பண்டங்களோடு தோப்பும்படியில் ஒரு வாடகை அறைக்குப் போனாள். மேஸ்திரி தன் கூரையைத் தானே பிரித்து இறக்கினார். ஊருக்கெல்லாம் கூடாது என்று சொன்ன வேலையைத் தன் வீட்டில் செய்தபோது கை கூசத்தான் செய்தது.

அஸ்திவாரத்துக்குப் போட்ட வானக்கோட்டைப் பார்க்கக் கார்ப்பரேஷன் ஓவர்சியர் வந்தார். பிளானை விரித்துப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இது உங்கள் பழைய வீட்டுச் சுவர் என்றல்லவா இருக்கிறது, இதையும் இடித்தால்தான் அஸ்திவாரம் தோண்டலாம், இல்லையென்றால் அனுமதி செல்லாது, மறுபடி விண்ணப்பித்தால் புதுக் கட்டணம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாசலில் நின்றிருந்த யூசுப் எல்லாவற்றையும் கேட்டார். உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து சாயா வரவில்லை.

ஆற அமரப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்றுதான் மேஸ்திரி நினைத்தார். சுவர் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. இடவப்பாதிப் பருவமழைக்கு முன்னே இரண்டு நாள் கொட்டிய மழையில் மண் ஊறி, கமுகுத்தடிகளின் கால்கள் சேற்றில் புதைந்தன. ஓவர்சியர் வந்துபோன நாலாம் நாள் காலையில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். மேலே நூல் சுவரில் உரசியது. கீழே குண்டு சுவரைவிட்டு இரண்டு விரல்கடை விலகித் தொங்கியது. முந்தின நாள் ஒரு விரல்கடைதான். எதிர்த்துத் தள்ள ஆளில்லாமல் யூசுப்பின் கூரை சுவரை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. சுவர் போனால் கூரை முழுக்க உள்ளே இறங்கும். உள்ளே யூசுப், அவர் மனைவி, பிரசவத்துக்கு வந்த மகள், நாற்பது நாள் குழந்தை.

மேஸ்திரி ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். "பாய், பிள்ளைய எடுத்துக்கிட்டு எல்லாரும் இப்பமே வெளிய வாங்க. சுவர் சாயுது."

யூசுப் அசையவில்லை. "எங்க சுவர உங்களுதுன்னு எழுதினீங்க. அத இடிக்கணும்னு அந்த ஆபீசர் சொன்னதும் கேட்டேன். இப்ப எங்களயும் வெளிய எறக்கப் பாக்குறீங்க."

மேஸ்திரி குண்டையும் நூலையும் தூக்கிக் காட்டினார். சத்தியம் செய்தார்.

"அந்தக் குண்டும் உங்களோடதுதானே மேஸ்திரி," என்று சொல்லி யூசுப் கதவைச் சாத்தினார்.

ஃபயர் ஸ்டேஷனைக் கூப்பிடலாம். வருகிறவர்கள் காகிதத்தைக் கேட்பார்கள். காகிதத்தில் சுவர் மேஸ்திரியுடையது, இடிக்க வேண்டியது. யூசுப் அதையும் மேஸ்திரி செய்த ஏற்பாடு என்றுதான் நினைப்பார். கடலுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தக் காகிதம் இருக்கும்வரை தன் வாயிலிருந்து எது வந்தாலும் பொய்தான் என்று மேஸ்திரிக்கு விளங்கிவிட்டது. ஆட்டோ பிடித்துக் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனார்.

வடக்குச் சுவர் பொதுச் சுவர், சொந்தம் என்று எழுதியது பொய், அனுமதியை ரத்து செய்யுங்கள். அவர் சொல்லச் சொல்ல வெளியே இருந்த எழுத்துக்காரர் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். உள்ளே இருந்த கிளார்க் நல்ல மனுஷி. கட்டின பணம் திரும்பாது, இனிமேல் புதுக் கட்டணம்தான், கூரையை வேறு பிரித்துவிட்டீர்கள், வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றாள். இன்றைக்கே வேண்டும் என்று மேஸ்திரி தமிழில் கையெழுத்துப் போட்டார். சீல் விழ முக்கால் மணி நேரமானது. அதற்குள் இரண்டு தடவை இடி இடித்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

சந்தில் ஆட்டோ திரும்பும்போது மழை பிடித்துவிட்டது. சுவர் இன்னும் விழாமல் நின்றது. யூசுப் வாசலில் நின்று காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"அப்போ உங்க வீடு?"

"அத விடுங்க. பிள்ளைய எடுங்க."

யூசுப் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எல்லோரும் எதிர்க் கிடங்கின் இறவாரத்தில் வந்து ஒண்டினார்கள். மழை வலுத்தது. ஐந்து நிமிஷம் ஆனது, கால் மணி ஆனது. சுவர் அப்படியே நின்றது. குழந்தை பசியில் அழத் தொடங்கியது. யூசுப் முதலில் சுவரைப் பார்த்தார், அப்புறம் மேஸ்திரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காலையில் இருந்த சந்தேகம் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பால் பொடி உள்ளே இருக்கிறது, இரண்டே நிமிஷம் என்று காலை எடுத்து வைத்தார்.

மேஸ்திரி அவர் கையை எட்டிப் பிடித்தார். விடச் சொல்லி யூசுப் உதறினார். மேஸ்திரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு சுவர் சீக்கிரம் விழுந்துவிட வேண்டும் என்று சாமியை வேண்டினார்.