பாதியில் நின்றுவிடும் சத்தம்

கடந்த முறை கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது, பதின்மூன்று வயது மகனுக்கு என் கணவர் ஒரு பைக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வீதியில் ஓடுகிற பைக் அல்ல. லைட் இல்லை, நம்பர் தகடு இல்லை. மண்ணில் பாய்ந்து ஓடுவதற்கென்றே செய்த, பிள்ளைகளின் டூ ஸ்ட்ரோக் பைக். யாரோ ஓட்டிப் பழசாக்கியதுதான். அவர் அங்கே ஒரு கராஜில் வேலை செய்கிறார். மகன் அதில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை நான் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பைக்கும் மகனும் நானும் மிஞ்சினோம்.

தில்லையடியில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்திலிருந்து கடல்நீர் ஏறும் களப்பு வரை உவர்த் தரவைதான், வெறும் வெட்டவெளி. புல்கூட ஒழுங்காக முளைக்காது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மகன் பைக்கை அதுவரைக்கும் தள்ளிக்கொண்டு போவான். நானும் தைத்துக்கொண்டிருக்கும் சட்டையை மெஷினில் அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போவேன். என் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் ஓட வேண்டும், பைக்கைக் கத்த விடக்கூடாது. இது நான் போட்ட சட்டம். அவன் திரும்பி வரும்வரை என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. செருப்புத் தேய நடந்துகொண்டே இருப்பேன்.

அந்தப் பைக்குக்கு இரண்டு குரல். முதலில் சாதாரணமாக முனகிக்கொண்டு போகும். எக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினால் திடீரென்று குரல் மாறி வீரிட்டுக்கொண்டு பாயும். அந்த இரண்டாவது குரல் கேட்டாலே நான் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிக் கத்துவேன். என் சட்டத்தை மீறி எப்போதாவது ஒருமுறை மகன் அதைக் கேட்க வைப்பான்.

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் அந்தக் குரல் நின்றுபோனது. அவன் முறுக்குவான், சத்தம் பாதிவரை ஏறும், அதற்கு மேல் போகாமல் அடைத்துக்கொண்டு பொருமும்.

"உம்மா, மேல ஏறுதில்ல. இழுக்குது, இழுக்குது, பிறகு அப்பிடியே நிக்குது."

"மெல்ல ஓடினாக் காணும்தானே மகன்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவனுக்கு இல்லை. எலுவன்குளம் பக்கத்தில் ஒருவரின் காணியில் பிள்ளைகளுக்கு ஓட்டப் போட்டி வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எழும்பினால் பைக், படுத்தால் பைக். அவன் வீட்டுக்குள் சுற்றுகிற சுற்றில் எனக்குத் தையல் கோணலாகப் போனது.

புத்தளத்தில் முச்சக்கர வண்டி திருத்துகிற மெக்கானிக் நானா ஒருவரிடம் கொண்டுபோனோம். பிளக் மாற்றினார். காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். காற்று வடிகட்டியைத் தட்டிப் போட்டார். ஸ்டார்ட் பண்ணி முறுக்கினார். அதே பாதிச் சத்தம்.

"ராத்தா, இதுக்குள்ள பவர் வால்வ் எண்டு ஒண்டு இரிக்கி. நான் அத ஒரு நாளும் கழட்டினதில்ல. தெரியாம கை வெச்சி உடைச்சிட்டா உங்கட புருஷனுக்கு என்ன பதில் சொல்லுற? கொழும்புக்கு அனுப்புங்க" என்றார்.

கொழும்புக்கு அனுப்பினால் போட்டி முடிந்துதான் திரும்பி வரும். பைக்கைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அடுத்த நாள் கணவர் வேலை இடைவேளையில் வீடியோவில் வந்தார். போனை இஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்து மகன் முறுக்கிக் காட்டினான். அவருக்கு ஒரு தடவை கேட்டதே போதுமாக இருந்தது.

"வால்வ் இறுகிப் போச்சு. புகை போற வாசலுக்கு ஒரு கதவு மாதிரி அது. இஞ்சின் மெதுவாச் சுத்தக்குள்ள பாதி மூடி இரிக்கும். வேகம் ஏறினாத் திறக்கணும். இது திறக்குதில்ல. பக்கத்தில ஒரு சின்ன மூடி இரிக்கி, அதக் கழட்டு. மகன முறுக்கச் சொல்லிப்போட்டு, உள்ளுக்குள்ள கம்பி அசையுதா எண்டு பாரு."

"நான் கழட்டுறதா?"

"வேற ஆரு?"

காற்று மண்ணை வாரி அடித்ததால் பைக்கைத் தள்ளி விறாந்தைக்குள் ஏற்றினோம். மூடியைக் கழற்றினேன். மகன் முறுக்க முறுக்க வீடெல்லாம் புகை. கம்பி நடுங்கியதே தவிர அசையவில்லை. கணவர் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார். "அங்கயில்ல, கீழ பாரு! போன சரியாப் பிடி! கைய எடு, மறைக்குது!" படம் உறைந்து உறைந்து வந்தது. அவருடைய கை திரையில் எதையோ திருகுவது போல வெறுங்காற்றில் சுழன்றது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு தெரிஞ்சா நீங்க வந்து செய்யுங்க!"

திரையில் சுழன்ற கை நின்றது. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன். அறுந்திருக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மகன் நிலத்தைப் பார்த்தான். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். "சரி. முதல்ல எக்சோஸ்ட் குழாயக் கழட்டு. அவசரப்படாத."

உள்ளேயிருந்து சின்ன உருளைகள் இரண்டு வெளியே வந்தன. ஓரத்தில் பல் வெட்டியிருந்தது. இரண்டிலும் தார் பூசியது போலக் கரி.

"மெல்ல மெல்ல ஓடினா இப்பிடித்தான்" என்றார் அவர். "எரியாத ஒயில் போய் ஒட்டும். இடைக்கிட நல்லா இழுத்து ஓடினாத்தான் உள்ளுக்குச் சுத்தமா இரிக்கும்."

மகன் என்னைப் பார்த்தான். நான் உருளையைப் பார்த்தேன்.

இடைவேளை முடிந்து அவர் போய்விட்டார். உருளைகளைக் குசினியில், அடுப்புக்கு எட்டத்தில் வைத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்தேன். கத்தி வைத்தால் கீறல் விழும் என்று அவர் சொல்லியிருந்ததால், ஈர்க்குச்சியால் பல்லுக்குப் பல் சுரண்டினேன். கரி போகப் போக அடியில் வெள்ளி நிறம் தெரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் தோன்றியது: இது சரிவந்தால் அவன் அந்தக் குரலோடு பாய்வான். கை ஒரு கணம் நின்றது. பிறகு தேய்த்தேன்.

பூட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணினோம். இப்போது கோளாறு தலைகீழாகிவிட்டது. பைக் கிளம்பவே சக்தியில்லாமல் செத்துச் செத்து நின்றது. மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவருக்கு எடுத்தேன், பதில் இல்லை. அந்த நேரத்தில் அவர் ஏதாவது வண்டிக்கு அடியில்தான் கிடந்திருப்பார். விறாந்தைக்கும் குசினிக்கும் நடந்தேன். அடைத்திருந்த கதவு இப்போது மூடாமல் திறந்தே நிற்கிறது. அப்படியென்றால் நான்தான் அதைத் திறந்த நிலையில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும். தையல் மெஷினிலும் ஊசியைத் திருப்பிப் போட்டால் தையல் விழாது.

மறுபடி கழற்றினோம். சுத்தமாக இருந்ததால் இந்த முறை தெரிந்தது: ஒவ்வொரு உருளையிலும் கடுகளவு ஒரு புள்ளி, அதைத் திருப்புகிற கம்பியிலும் புள்ளி. ஒரு பக்கத்தில் இரண்டும் நேராக நின்றன. மற்றப் பக்கத்தில் ஒரு பல் தள்ளி.

"உம்மா, இதுதான்! இதுதான்!" மகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"உலுக்காத, விழுந்திரும்."

புள்ளிக்குப் புள்ளி வைத்துப் பூட்டினேன். மூடியைப் போடாமல் முறுக்கிப் பார்த்தோம். கம்பி மெதுவாகத் திரும்பியது. முறுக்கை விட்டதும் தன் இடத்துக்கு வந்தது. இருவரும் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம்.

தரவையில் அன்றைக்கு நான் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அவன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். "போ மகன்" என்றேன். முனகிக்கொண்டு போன பைக் நடுவில் வீரிட்டது. அவன் சின்னதாகி, களப்போரத்துக் கண்டல் மரங்களுக்குப் பின்னால் மறைந்தான். சத்தம் மட்டும் காற்றில் வந்து வந்து போனது. நான் நடக்கவில்லை. நடந்தால் சத்தம் தப்பிவிடும் என்று அசையாமல் நின்று கேட்டேன். அவன் திரும்பி வந்தபோது முகமெல்லாம் தூசு, பல் மட்டும் வெள்ளை.

போட்டியன்று முதல் வளைவிலேயே விழுந்தான். எழும்பி ஓட்டிக் கடைசிக்கு முந்தினவனாக வந்தான். முழங்கை சிராய்ந்திருந்தது. திரும்பி வரும் வழியில், பைக்கை ஏற்றி வந்த லொறிக்குள் இருந்தே வாப்பாவுக்கு எடுத்து, அந்த வளைவைப் பற்றியும் நாங்கள் புள்ளி பார்த்துப் பூட்டியதைப் பற்றியும் மூச்சு விடாமல் கதைத்தான். பிறகு போன் என்னிடம் வந்தது.

"பைக் எப்பிடி?" என்றார் கணவர்.

"பைக் நல்லா ஓடிச்சி."

"புள்ளி வெச்சிப் பூட்டினது நீயா?"

"ஓம்."

பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது.

"அடுத்தது பிஸ்டன் பாக்கணும்" என்றார். "நான் வரும்வரைக்கும் வெச்சிருக்கிறியா, இல்ல நீயே கழட்டப் போறியா?"

"நீங்க வந்தாப் பாப்போம்" என்றேன்.